ஹோஸ்டிங் மாற்றியதிலிருந்து விசாரணை மெயில் பாதி வருகிறது, பாதி வரவில்லை

தைத்த புத்தகம் (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. கிழிந்த புத்தகங்களைப் பிரித்து, மறுபடி தைத்து, புது அட்டை போட்டுக் கொடுப்பது என் தொழில். நானும் தங்கையும் மட்டும்தான். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் நானே கட்டிய தளம், மொத்தம் ஏழு பக்கம்.

மூன்று வாரத்துக்கு முன், தளம் குடியிருக்கும் இடமான ஹோஸ்டிங்கை வேறு நிறுவனத்துக்கு மாற்றினேன். தளத்தின் பெயரான டொமைனும், அந்தப் பெயர் எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸும் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மெயில் தனிச் சேவை, அதைத் தொடவே இல்லை. டிஎன்எஸ்ஸில் ஏ பதிவில் இருந்த எண்ணை எடுத்துவிட்டுப் புது சர்வரின் எண்ணைப் போட்டேன், அவ்வளவுதான். பழைய ஹோஸ்டிங்கும் மாதக் கடைசிவரை உயிரோடு இருக்கிறது.

அன்றிலிருந்து எதுவும் ஒரு நிலையில் இல்லை. என் கணினியில் புதுத் தளம் திறக்கிறது, ஆனால் 'பாதுகாப்பானது அல்ல' என்ற எச்சரிக்கையோடு. தங்கையின் போனில் பழைய தளமே வருகிறது, பூட்டுச் சின்னம் சரியாக இருக்கிறது. ஹோஸ்டிங் பேனலில், அந்தப் பூட்டைத் தரும் சான்றிதழ் பகுதிக்குப் போனால் 'சரிபார்ப்பு தோல்வி' என்று சிவப்பில் நிற்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர்கள் எழுதிக் கேட்கும் விசாரணை ஃபார்ம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. நிரப்பி அனுப்பினால் 'உங்கள் செய்தி கிடைத்தது' என்று திரையில் வருகிறது. சிலருடைய மெயில் எனக்கு வருகிறது, சிலருடையது வருவதில்லை. போன திங்கட்கிழமை ஒருவர் போனில் கூப்பிட்டு, "ரெண்டு தடவை எழுதினேன். முடியாதுன்னா முடியாதுன்னு ஒரு வரி சொல்லியிருக்கலாமே" என்றார். அப்போதுதான் விஷயமே தெரிந்தது. ஸ்பாமிலும் தேடிவிட்டேன், இல்லை.

இதுவரை செய்தவை: உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதியை (கேஷ்) அழித்தேன். ஃபார்மை இயக்கும் துணை மென்பொருளான பிளகினை இரண்டு முறை மாற்றினேன். தளத்தின் தோற்றத்தைத் தரும் 'தீம்' என்பதை மாற்றிப் பார்த்துத் திரும்ப வைத்தேன். ஒரு ராத்திரி முழு வேர்ட்பிரஸையும் அழித்துவிட்டுப் புதிதாகவே நிறுவினேன். எதிலும் மாற்றம் இல்லை. யாரிடமாவது கொடுத்து முதலிலிருந்து கட்டச் சொல் என்கிறார்கள். வேறு வழி உண்டா?

கேமரா பை (பதில்):

பழைய தளம் தெரிவது பெரும்பாலும் கேஷ்தான். தங்கையின் போனில் பிரைவேட் விண்டோ திறந்து பாருங்கள். டிஎன்எஸ் மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ ஒரு நாள் இரண்டு நாள் ஆகலாம், ஆனால் மூன்று வாரம் ஆகாது.

இரவுப் பணி (பதில்):

பதினோரு வருடமாக சர்வர்களோடு ராத்திரி வேலை பார்ப்பவன் நான். ஒரு வேண்டுகோள்: இனி எதையும் அழிக்காதீர்கள், எதையும் மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் தளம் சரியாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. கோளாறு தளத்துக்கு வரும் வழியில் இருக்கிறது. வழியில் இருக்கும் கோளாறை தீம் மாற்றிச் சரிசெய்ய முடியாது.

'சில வருகிறது, சில வரவில்லை' என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது, ஒரே பெயருக்கு இரண்டு சர்வர்கள் பதில் சொல்கின்றனவா என்பதைத்தான். அதை ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். 'பழசு' என்ற ஒரே சொல்லை எழுதி ஒரு டெக்ஸ்ட் கோப்பைப் பழைய ஹோஸ்டிங்கில் ஏற்றுங்கள். அதே பெயரில் 'புதுசு' என்று எழுதிய கோப்பைப் புது ஹோஸ்டிங்கில் ஏற்றுங்கள். அப்புறம் ஒரே போனில் அந்த முகவரியை முதலில் வைஃபையில் திறங்கள், பிறகு வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறங்கள். இரண்டு முறையும் பிரைவேட் விண்டோவிலேயே திறங்கள்.

மெயிலுக்கு இரண்டு சோதனை. வேறொரு மெயில் கணக்கிலிருந்து உங்கள் தொழில் முகவரிக்கு நேரடியாக ஒன்று அனுப்புங்கள். அடுத்து, புதுத் தளத்து ஃபார்மில் 'யாருக்கு' என்ற இடத்தில் உங்கள் டொமைன் அல்லாத வேறொரு முகவரியைப் போட்டு ஒரு முறை அனுப்புங்கள். நான்கு முடிவையும் எழுதுங்கள், வரும்வரை காத்திருக்கிறேன்.

தைத்த புத்தகம்:

செய்தேன். வைஃபையில் 'புதுசு'. மொபைல் டேட்டாவில் 'பழசு'. நம்ப முடியாமல் மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அப்படியே. நேரடி மெயில் உடனே வந்தது. ஃபார்மிலிருந்து வெளி முகவரிக்கு அனுப்பியதும் போய்ச் சேர்ந்தது, ஆனால் ஸ்பாமில். அதே ஃபார்மிலிருந்து என் டொமைன் முகவரிக்கு அனுப்பினால் மட்டும் வரவில்லை.

இரவுப் பணி:

இவ்வளவு தெளிவாகச் செய்து எழுதியதற்கு நன்றி. உங்களுக்கு இருப்பது இரண்டே கோளாறுதான்.

முதலாவது டிஎன்எஸ்ஸில். அந்தப் பக்கத்தைத் திறந்து, ஏ பதிவோடு 'ஏஏஏஏ' என்று நான்கு ஏ போட்ட பதிவு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றை ஏ பதிவில் இருப்பது ஐபிவி4 முகவரி, புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். நான்கு ஏ பதிவில் இருப்பது ஐபிவி6 முகவரி, முக்காற்புள்ளி வைத்துப் பிரித்த நீளமான ஒன்று. 32 பிட்டுக்கு ஒரு ஏ, 128 பிட்டுக்கு நான்கு ஏ, பெயர்க் கணக்கு அதுதான். நீங்கள் ஒற்றை ஏவை மாற்றினீர்கள். நான்கு ஏ இன்னும் பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருக்கும். மொபைல் நெட்வொர்க்குகள் பலவற்றில் ஐபிவி6 உண்டு, அந்த வழியாக வருபவர்கள் பழைய தளத்துக்குப் போகிறார்கள். உங்கள் வைஃபையில் ஐபிவி6 இல்லாததால் நீங்கள் புதுத் தளத்துக்குப் போகிறீர்கள்.

சான்றிதழ் வராததும் இதனால்தான் இருக்க வேண்டும். ஹோஸ்டிங்கில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ். அதைத் தருவதற்கு முன் அவர்கள் உங்கள் தளத்தில் ஒரு சின்னக் கோப்பைத் தேடுவார்கள். நான்கு ஏ பதிவு இருந்தால் அந்த வழியாகத்தான் முதலில் வருவார்கள். கோப்பு இருப்பது புது சர்வரில், அவர்கள் போய்த் தட்டுவதோ பழைய சர்வரின் கதவை. 'அப்படி எதுவும் இல்லை' என்று பதில் வந்ததும் தோல்வி என்று எழுதிவிடுவார்கள். பழைய தளத்தில் பூட்டு சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. அந்த ஹோஸ்டிங்கே மாதக் கடைசியோடு போய்விடும்.

புது ஹோஸ்டிங்கில் உங்களுக்கு ஐபிவி6 முகவரி கொடுத்திருந்தால் அதை அந்தப் பதிவில் போடுங்கள். கொடுக்கவில்லை என்றால் நான்கு ஏ பதிவை நீக்கிவிடுங்கள், தளம் ஒற்றை ஏவிலேயே ஓடும். பக்கத்தில் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கும், பழைய பதிவை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருப்பார்கள் என்ற வினாடிக் கணக்கு அது. 14400 என்றால் நான்கு மணி நேரம். அந்த நேரம் கழிந்தபின் சான்றிதழை மறுபடி கேளுங்கள். டபிள்யூ மூன்று போட்ட பெயர், போடாத பெயர் இரண்டுக்கும் சேர்த்து வாங்குங்கள். ஒன்றை விட்டுவிட்டால் அதில் வருபவர்களுக்கு எச்சரிக்கை தொடரும்.

இரண்டாவது, மெயில். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் டொமைனின் மெயில் எங்கே போக வேண்டும் என்பதை எம்எக்ஸ் பதிவு சொல்கிறது, அது சரியாக இருக்கிறது. நேரடி மெயில் வந்ததே அதற்குச் சாட்சி. ஆனால் புது சர்வர் அந்தப் பதிவைப் பார்ப்பதே இல்லை. ஒரு டொமைனை ஹோஸ்டிங்கில் சேர்த்தால், 'இதன் மெயிலும் என்னுடையது' என்று சர்வர் எடுத்துக்கொள்வது உண்டு. ஃபார்ம் மெயில் கிளம்புவது அந்த சர்வருக்குள்ளிருந்து. முகவரியில் உங்கள் டொமைன் இருப்பதைப் பார்த்ததும் வெளியே அனுப்பாமல் தன் வீட்டுக்குள்ளேயே பெட்டியைத் தேடுகிறது. அப்படி ஒரு பெட்டி அங்கே இல்லை. பழைய தளத்தின் ஃபார்மை நிரப்பியவர்களின் மெயில் மட்டும் உங்களுக்கு வந்தது இப்போது புரிகிறதா?

உங்கள் ஹோஸ்டிங் பேனல் சிபேனலாக இருந்தால் 'ஈமெயில் ரூட்டிங்' பகுதியில் 'லோக்கல்' என்று இருப்பதை 'ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்' என்று மாற்றுங்கள்.

ஸ்பாமில் விழுந்ததற்கும் காரணம் உண்டு. உங்கள் டொமைன் பெயரில் யார் யார் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்தான் எஸ்பிஎஃப் பதிவு, அதில் புது சர்வர் இருக்காது. ஃபார்ம் மெயிலை உங்கள் மெயில் சேவையின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறை) வழியாகவே, 587 போர்ட்டில் அனுப்பும்படி ஒரு பிளகின் வைத்துக்கொள்வதுதான் நல்லது. அப்படிச் செய்தால் எஸ்பிஎஃப்பைத் தொட வேண்டியதில்லை. தொட்டே ஆக வேண்டுமென்றால் இருக்கும் வரியிலேயே சேர்த்து எழுதுங்கள், இரண்டாவதாக ஒரு எஸ்பிஎஃப் வரி போடாதீர்கள். இரண்டு வரி இருந்தால் இரண்டுமே செல்லாது. ஃபார்மில் 'அனுப்புநர்' உங்கள் டொமைன் முகவரியாகவே இருக்கட்டும். வாடிக்கையாளரின் முகவரியை 'ரிப்ளை டு' என்ற இடத்தில் போடுங்கள். பலர் இதை மாற்றி வைத்துவிட்டு மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

இன்னொன்று, முக்கியம். வராமல் போன மெயில்கள் முழுக்கத் தொலைந்திருக்காது. பெட்டி இல்லையென்றால் சர்வர் அவற்றைத் திருப்பி அனுப்பியிருக்கும், திரும்பி வந்தவை ஹோஸ்டிங் கணக்கின் முதன்மைப் பெட்டியில் கிடக்க வாய்ப்பு அதிகம். வெப்மெயிலில் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மற்ற வேலையெல்லாம் நாளைக்கு இருக்கட்டும், இதை இன்றைக்கே செய்யுங்கள். அங்கே காத்திருப்பவர்கள் உங்களை நம்பி எழுதியவர்கள்.

கேமரா பை:

கேஷ் என்று நான் சொன்னது தவறு, கற்றுக்கொண்டேன். புதுத் தளத்தைத் திறந்து பார்த்தேன். புகைப்படங்கள் அருமை, அந்த முதுகுத் தையல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் முகப்புப் பக்கம் போனில் மிகவும் தாமதமாகத் திறக்கிறது. போனில் எடுத்த 4000க்கு 3000 படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. பெரிய படத்தை வேர்ட்பிரஸ் தானாகவே 2560 புள்ளிக்குக் குறைக்கும்தான், ஆனால் போன் திரைக்கு அதுவும் அதிகம். 1200 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி என்ற, கோப்பைச் சிறிதாக்கும் பட வடிவில் சேமித்து ஏற்றுங்கள். தையல் தெரிய வேண்டிய படத்துக்கு மட்டும் பெரிய பிரதியைத் தனியாக வைத்து, தொட்டால் திறக்கும்படி செய்யுங்கள். மேலே முதலில் வரும் படத்துக்கு லேஸி லோடிங் (திரைக்கு அருகே வரும்போது மட்டும் படத்தை ஏற்றுவது) வேண்டாம். அந்தப் பெரிய படம் 2.5 வினாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு.

தைத்த புத்தகம்:

நான்கு ஏ பதிவு இருந்தது! மூன்று வாரமாக அதே பக்கத்தில், நான் மாற்றிய வரிக்கு நேர் கீழே. புது ஹோஸ்டிங்கில் ஐபிவி6 கிடையாது என்று ஆதரவுப் பிரிவில் சொன்னார்கள், அதனால் நீக்கிவிட்டேன். அன்று மாலையே தங்கையின் போனில் 'புதுசு' வந்தது. சான்றிதழும் வந்துவிட்டது, இரண்டு பெயருக்கும். ரூட்டிங்கை ரிமோட்டுக்கு மாற்றி, எஸ்எம்டிபி பிளகின் போட்டபின் ஃபார்ம் மெயில் நேராக இன்பாக்ஸுக்கே வருகிறது. படங்களை இந்த வாரக் கடைசியில் சுருக்குகிறேன்.

நண்பரே, முதன்மைப் பெட்டியைத் திறந்தேன். அப்படி ஒரு பெட்டியே எனக்கு இருப்பது தெரியாது. பத்தொன்பது மெயில்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மேலே 'இப்படி ஒரு பயனர் இங்கு இல்லை' என்ற அறிவிப்பு, அதற்குக் கீழே அவர்கள் எழுதியது முழுவதும் அப்படியே இருக்கிறது. இரண்டு முறை எழுதினேன் என்றாரே, அவருடைய இரண்டும் இருந்தன. முதலில் அவரைத்தான் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். இன்னும் வேறு யாரிடமும் கொடுக்கவில்லையாம், அனுப்புகிறேன் என்றார்.

இரவுப் பணி:

மிகவும் மகிழ்ச்சி. பழைய ஹோஸ்டிங்கை மூடுவதற்கு முன் அந்தத் தளத்தின் ஃபார்ம் பதிவுகள், படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். புதுத் தளத்தில் ஒவ்வொரு விசாரணையும் தரவுதளத்திலும் சேமிக்கப்படும்படி பிளகினில் ஓர் அமைப்பு இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள். மெயில் தவறினாலும் எழுதியது கையில் இருக்கும்.

தைத்த புத்தகம்:

போட்டுவிட்டேன். பத்தொன்பதில் பதினான்கு பேருக்குப் பதில் எழுதியாகிவிட்டது. ஒருவர் தன் அம்மா கைப்பட எழுதிய நோட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். எழுத்து தாளின் ஓரம்வரை போகிறது, ஓரத்தை வெட்டாமல் பைண்டிங் செய்ய முடியுமா என்று. அதை எழுதி பதினாறு நாள் ஆகிறது. முடியும், வெட்டவே தேவையில்லை. ஒவ்வொரு தாளின் முதுகிலும் மெல்லிய காகிதப் பட்டை ஒட்டி, அந்தப் பட்டையில் தைத்தால் எழுத்து ஒன்றுகூட உள்ளே போகாது. இப்போது அவருக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.