சோலார் இருக்கு, கரண்ட் இல்ல – உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க

மொட்டமாடி_மதுரை:
போன சித்திரையில் நடந்தது. இன்னும் நினைச்சா காது சூடாகுது. தங்கச்சி பையனுக்குக் காதுகுத்து, பந்தி நம்ம வீட்டில். 3 கிலோவாட் ஆன்கிரிட் சோலார் (ஈபி லைனோட சேந்து ஓடுறது, பேட்டரி கிடையாது) போட்டு, மானியம் 78,000 கணக்கில் ஏறி, ரெண்டு பில் வந்திருந்தது. அந்த ரெண்டு பில்லையும் குடும்ப குரூப்பில் போட்டு நல்லாப் பீத்தியிருந்தேன். பெரியப்பா, சித்தப்பா, ரெண்டு மச்சான்மார், நாலு பேரும் "விசேஷத்துக்கு வரும்போது பாத்துட்டு நாங்களும் போட்டுர்றோம்"னு சொல்லியிருந்தாங்க.

மத்தியானம் பன்னெண்டரை, ரெண்டாம் பந்தி. கரண்ட் போச்சு. பெரியப்பா சாதத்தில் குழி பறிச்ச விரலை அப்படியே வச்சுக்கிட்டு மேலே ஃபேனைப் பாத்தார். அது மெதுவா நாலு சுத்து சுத்தி நின்னுச்சு. அப்புறம் என்னைப் பாத்தார். "மாடிலதான வச்சிருக்க?" அவ்வளவுதான் கேட்டார்.

ஓடிப்போய்ப் பாத்தா இன்வெர்ட்டரில் சிவப்பு லைட். வெயில் மண்டையைப் பொளக்குது, ஆறு பேனலும் கண்ணு கூசுது, வீட்டுக்குள்ள ஒரு வாட் இறங்கல. லைனில் சப்ளை இல்லன்னா ஆன்கிரிட் தானா நின்னுரும், இல்லாட்டி கம்பத்தில் ஏறுற லைன்மேனுக்கு நம்ம வீட்டுக் கரண்ட் அடிச்சிரும். எனக்கு இது தெரியும். கீழே வந்து சொன்னேன். அப்பத்தா விசிறி மட்டையை நிறுத்தாமயே, "அப்ப வெயிலுக்கும் கரண்டு வேணுமாய்யா?"ன்னுச்சு. பந்தியே சிரிச்சது. அந்த நாலு பேரில் இன்னைக்கு வரை ஒருத்தரும் போடல.

ஓம்ஸ்_விதி:
"எனக்குத் தெரியும்"னு எழுதியிருக்கீங்களே, அதைப் பெரியப்பாகிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? பில்லை மட்டும் காட்டினா அவர் சோலார்னா வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர்னுதான் நினைப்பார். தப்பு அவர் மேல இல்ல.

என் கதை சின்னது. சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டேன், போர் தண்ணி உப்பு, ரெண்டே வருஷத்தில் குழாய்க்குள்ள சுண்ணாம்பு கட்டிருச்சு. முடிஞ்சது.

இனி போடப் போறவங்களுக்கு: கரண்ட் போனாலும் ஓடணும்னா பேட்டரியோட ஹைபிரிட் கேளுங்க, விலை கூடும். பேனல் தெற்கு பாத்து இருக்கணும், நம்ம பக்கம் பத்து, பன்னெண்டு டிகிரி சாய்வு போதும். பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்க் நிழல் சாயங்காலம் எங்க விழுதுன்னு ஒரு நாள் உக்காந்து பாருங்க, ஒரு பேனலில் விழுற நிழல் அந்த வரிசை முழுசையும் இழுத்துப் போடும். கழுவுறது விடிகாலையில, உச்சி வெயிலில் சூடான கண்ணாடி மேல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க. உப்புத் தண்ணியும் வேணாம், கறை படியும். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட்னு கணக்கு வச்சுக்கோங்க, மழைக்காலத்தில் அதுவும் வராது. சோலார் விக்க வந்தவர் "அஞ்சு, ஆறு"ன்னு சொன்னா ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருங்க.

மொட்டமாடி_மதுரை:
சார், நான் யோசனை கேக்கல. அந்த டீயை நான் ஏற்கெனவே வாங்கிக் குடுத்தாச்சு.

பாளையங்கோட்டை_பேரன்:
எனக்கு ஃபேன். ஆச்சி வீட்டுக்கு கரண்ட் கம்மியா இழுக்கிற பிஎல்டிசி ஃபேன் வாங்கி மாட்டினேன். பழசு 75 வாட், இது 30. பன்னெண்டு மணி நேரம் ஓடினா ரெண்டு மாச பில்லுக்கு முப்பது யூனிட்டுக்கு மேல மிச்சம்னு ஆச்சிக்குத் தாளில் எழுதியே காட்டினேன். ஃபேனைப் போட்டதும் ஆச்சி கட்டிலில் படுத்துக்கிட்டு, "காத்தே இல்லியேல"ன்னா. துண்டு பறக்குது ஆச்சி, பாருங்கன்னேன். "அப்ப சத்தத்த எங்க?"

நாப்பது வருஷமா அந்தக் கடகட சத்தத்திலதான் தூங்கியிருக்கா. அடுத்த மாசம் போனா, அட்டத்தில் கிடந்த பழைய ஃபேன் தலைக்கு மேல ஓடுது. புதுசு பூசை ரூமில். ரிமோட் வெத்தலைப் பெட்டிக்குள்ள, பாக்குவெட்டி பக்கத்தில்.

உறுத்துறது அது இல்ல. ஆச்சி வீட்டு மீட்டர் ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட்டைத் தாண்டினதே இல்ல. முதல் நூறு இலவசம், பில் எப்பவும் சைபர். யாருக்கு என்னத்த மிச்சம் பிடிச்சேன்னு பஸ்ஸில் வரும்போதுதான் தோணுச்சு.

வாடகைவீடு_சென்னை:
பேரன், மிச்சமான யூனிட் வேற யாருக்காவது போகும், மனசை விடாதீங்க. என் வீட்டுக்காரர் மாடியில் சோலார், அவர் பில் கிட்டத்தட்ட சைபர். எங்க சப்மீட்டருக்கு யூனிட் ஒன்பது ரூபா. கேட்டேன். "வெயிலு எங்க மாடில தானே அடிக்குது?"ன்னார். இப்ப அஞ்சு ஸ்டார் ஃப்ரிட்ஜ் வாங்கி அவர்கிட்ட இருந்து என்னைக் காப்பாத்திக்கிறேன்.

உடுமலை_தோட்டம்:
நீங்கெல்லாம் கரண்ட் வரலைன்னு சொல்றீங்க. எனக்கு வந்ததுதாங்க பிரச்சினை. விவசாயத்துக்கான இலவச கரண்ட் இணைப்புக்குப் பதிஞ்சு வருசக்கணக்கா காத்திருந்து, அப்புறம் மானியத்தில் 5 எச்பி சோலார் மோட்டார் போட்டேன். முன்னாடி பங்காளி கெணத்தில் முறை வச்சுத் தண்ணி. மோட்டார் ஓடற த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா ரெண்டு மணிக்குப் போகோணும், டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு மம்பட்டியில மடை திருப்போணும். ஒரு தடவை வாய்க்கால் ஓரம் விரியன், கால் கட்டை விரலுக்கு ஒரு சாண் தள்ளி. சோலார் வந்ததும் அந்தப் பொழப்பு போச்சுங்க. பகல்ல பாச்சிட்டு ராத்திரி தூங்கினேன்.

வெயில் உள்ள வரைக்கும் மோட்டார் ஓடுச்சு. காசா, பணமா? மூணாவது கோடையில ஒரு நாள் மத்தியானம் குழாயில தண்ணி வாற சத்தம் மாறுச்சு. எட்டிப் பாத்தா கெணத்துல பாறை தெரியுதுங்க. எங்கப்பா காலத்துல வெடி வச்ச துளை, அதையே நான் அன்னைக்குத்தான் பாத்தேன். மோட்டார் மட்டும் ஓடிக்கிட்டே இருக்குது, வெயில் நல்லா இருந்துச்சு.

ஓம்ஸ்_விதி:
சொட்டுநீர் போட்டீங்களா? தண்ணி இல்லாம ஓடினா மோட்டாரை நிறுத்துற டிரை ரன் கட்டாஃப், டைமர் ரெண்டும் கன்ட்ரோலரிலேயே இருக்குமே. நாளைக்கு மூணு மணி நேரம்னு செட் பண்ணி விட்டுருங்க.

உடுமலை_தோட்டம்:
டைமர் இருக்குதுங்க. அதைப் போயி ஆஃப் பண்ணி உடறதே நான்தானுங்க.