ரதி சித்தி வீட்டுக்கு வந்த படிவம்

ரதி, இரவு 8.05
எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில் எங்கள் தொடர்மாடி வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் ஒரு படிவம் போட்டிருக்கிறார். வீட்டில் இருக்கிற எல்லாருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், ஃபோன் நம்பர் எல்லாம் நிரப்ப வேண்டுமாம், பொலிஸ் கேட்டதாம். அடையாள அட்டையையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து நாளைக்குள் அந்தக் குழுவிலேயே போடச் சொல்கிறார். 42 வீட்டுக்காரர் இருக்கிற குழு. போடட்டுமா?

சிவநாதன், 8.09
போட்டுவிடு தங்கச்சி. ஒளிக்க எங்களிடம் என்ன இருக்கிறது? கொடுக்காமல் இருந்தால்தான் ஏன் கொடுக்கவில்லை என்று வந்து நிற்பார்கள்.

தர்ஷினி, 8.14
சித்தி, பொறுங்கள், இப்போது போட வேண்டாம். கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இருப்பவர்களின் விபரம் கேட்பதற்கு 1865 ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தைக் காட்டுவார்கள். ஆனால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, கேட்ட அதிகாரி யார், அந்தத் தாள் எங்கே போகிறது என்று அந்தப் படிவத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். அடையாள அட்டைப் படம் 42 பேருடைய ஃபோனில் போய் உட்கார்ந்தால் அதை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பீர்கள்?

ரதி, 8.16
பிரிவு ஒன்றும் இல்லை. கையெழுத்தும் இல்லை. மேலே "உடனடி" என்று மட்டும் போட்டிருக்கிறது.

சிவநாதன், 8.20
பிள்ளை, 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பை மறந்துவிட்டாயா? கொச்சிக்கடைக் கோயிலுக்கு அன்றைக்கு உன் அத்தையும் போக இருந்தவர். முன்கூட்டியே கண்காணித்திருந்தால் அத்தனை பேர் செத்திருப்பார்களா?

தர்ஷினி, 8.31
மறக்கவில்லை மாமா. அதனால்தான் சொல்கிறேன். தகவல் இல்லாமலா அன்றைக்கு நடந்தது? ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது, குண்டு வெடித்தது 21ஆம் திகதி. கையில் இருந்த தகவலை வைத்து ஒன்றும் செய்யவில்லை என்றுதான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. சித்தியின் அடையாள அட்டை இன்னொரு கோப்பில் இருந்திருந்தால் அது தடுக்கப்பட்டிருக்குமா?

குமார், 8.47
நான் இதைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை, ரதிக்குத் தெரியும். 2007இல் பாஸ்போர்ட் அலுவலாக வந்து வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருந்தேன். ஜூன் 7, விடிகிறதுக்கு முன்னம் கதவைத் தட்டினார்கள். அரை மணி நேரம் தந்தார்கள், ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருந்த சாரம் இன்னும் ஈரம், அப்படியே பையில் திணித்தேன். கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டு சட்டைப்பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன், வாங்கிப் பார்க்கவே இல்லை. பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அன்றைக்குக் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 376 தமிழரை இப்படி வெளியேற்றினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடை போட்டது உண்மைதான், ஆனால் நான் அப்போது வவுனியாவில் நிற்கிறேன்.
நான் அந்த அறையில் இருக்கிறேன் என்று எப்படித் தெரியும்? லொட்ஜ் மேசையில் இருந்த கொப்பியைப் பார்த்துப் பார்த்துத்தான் கதவு கதவாகத் தட்டினார்கள். அந்தக் கொப்பியில் என் பெயரையும் ஊரையும் நானே என் கையால் எழுதியிருந்தேன், ஒளிக்க ஒன்றும் இல்லை என்று.

சிவநாதன், 8.52
குமார், நீ அந்தக் கொப்பிக் கதையை ஒருநாளும் சொல்லவில்லையே.

கஜன், 9.03
இங்கே நியூ ஜெர்சியில் இப்போது காலை, வேலைக்கு நடுவே இதையெல்லாம் வாசித்துக்கொண்டு இருக்கிறேன். மாமா, இது எங்கள் நாட்டில் மட்டும் நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். இங்கே ஃபைசா என்கிற வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம், அதில் பிரிவு 702 என்று ஒன்று 2008இல் வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிற, அமெரிக்கர் அல்லாத ஒருவரை உளவுக் காரணத்துக்காகக் குறிவைத்தால், அவருக்கென்று தனியாக நீதிபதியின் ஆணை வாங்காமலே அவருடைய மின்னஞ்சலையும் செய்தியையும் அமெரிக்கக் கம்பனிகளிடமிருந்து எடுக்கலாம். அந்த ஆளோடு நான் கதைத்திருந்தால் என்னுடையதும் சேர்ந்து போகும். பிறகு எஃப்பிஐ என் பெயரைப் போட்டு அந்தக் குவியலில் தேடலாம், அதற்கும் ஆணை தேவையில்லை. இப்படித் தேடித்தான் 2020இல் ஆர்ப்பாட்டத்துக்குப் போனவர்களையும், ஒரு தேர்தல் வேட்பாளருக்குக் காசு கொடுத்த 19,000 பேரையும் பார்த்திருக்கிறார்கள். இந்த உளவுச் சட்டத்தைப் பார்க்கிற இரகசிய நீதிமன்றத்தின் தீர்ப்பு 2023இல் வெளியே வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

கஜன், 9.11
2024 ஏப்ரல் 12, பிரதிநிதிகள் சபை. அமெரிக்கர் பெயரில் தேடுவதற்கு முன் ஆணை வாங்க வேண்டும் என்று ஒரு திருத்தம். 212க்கு 212. சமமாக வந்தால் தோற்றதாகத்தான் கணக்கு. ஒரே ஒரு வாக்கு! அன்றைக்கு நான் என் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு இரண்டு தடவை அழைத்தேன், பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டு நன்றி என்று வைத்துவிட்டார்கள். அதே நாளில் அந்த 702ஐ நீடிக்கிற சட்டம் 273க்கு 147 என்று போனது, பிறகு செனட்டில் நள்ளிரவு தாண்டி 60க்கு 34. இன்னொன்று, 2020 மே மாதம், இணையத்தில் ஒருவர் என்ன தேடினார் என்று பார்க்க ஆணை வேண்டும் என்ற திருத்தத்துக்குச் செனட்டில் 60 வாக்கு தேவை, கிடைத்தது 59. நாலு பேர் வாக்களிக்கவே வரவில்லை.

தர்ஷினி, 9.18
அண்ணா, ஒன்று கவனித்தீர்களா? அந்த 212க்கு 212 சண்டை முழுக்க உங்களைப் பற்றித்தான். கொழும்பில் இருக்கிற எங்களுக்கு ஆணை வேண்டுமா என்று அங்கே இரண்டு பக்கமும் கேட்கவில்லை. அந்தச் சட்டத்தில் நாங்கள் வெளியாட்கள். இங்கே எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்திலும் அந்தரங்க உரிமை என்று தனியாக ஒன்று எழுதப்படவில்லை. அங்கேயும் இல்லை இங்கேயும் இல்லை என்றால் நாங்கள் எங்கே போய் நிற்கிறது?

ரதி, 9.21
வாட்ஸ்அப் பூட்டியிருக்கிறது, ஒருவரும் பார்க்க முடியாது என்கிறார்களே?

தர்ஷினி, 9.24
எழுதுவது பூட்டித்தான் போகிறது சித்தி. ஆனால் யார் யாரோடு, எப்போது, எத்தனை தடவை என்பது வேறு கதை. அதோடு 42 பேர் திறந்து பார்க்கிற குழுவில் படத்தைப் போட்டால் பூட்டு இருந்து என்ன?

சிவநாதன், 9.40
ஒன்று சொல்கிறேன். 2005 ஆகஸ்டிலிருந்து 2011 ஆகஸ்ட் வரை மாதா மாதம் அவசரகாலச் சட்டத்தை நீடிக்கப் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. அடுத்த நாள் தேத்தண்ணீரோடு வீரகேசரியை விரித்தால் "இத்தனை மேலதிக வாக்குகளால் நிறைவேற்றம்" என்று ஒரு பெட்டிச் செய்தி இருக்கும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். யார் கை தூக்கினார், யார் வரவில்லை என்று ஒரு மாதமாவது பார்த்தேனா என்றால் இல்லை. பாதுகாப்பு வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன் பிள்ளை, அதில் மாற்றம் இல்லை. ஆனால் குமாரின் கொப்பி மனதில் நிற்கிறது.

தர்ஷினி, 9.52
மாமா, பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வரும்போது அதன் பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருந்தது. மூன்று வருடத்துக்கு என்றுதான் கொண்டு வந்தார்கள், 1982இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதில் 6ஆம் பிரிவு, ஆணை இல்லாமல் வீட்டுக்குள் வரலாம், தேடலாம், பிடிக்கலாம். நான் அதற்குப் பிறகு பிறந்தவள், அந்தத் தற்காலிகத்துக்குள்தான் பள்ளிக்கூடம் போய், சட்டம் படித்து, சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணமும் செய்தேன். 2024 ஜனவரி 24இல், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிற நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கு 108க்கு 62 என்று வாக்களித்தார்கள், அன்றைக்கும் இந்தக் குழுவில் கல்யாணப் படம்தான் போய்க்கொண்டிருந்தது, நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடுத்த முறை இப்படி ஒரு வாக்கெடுப்பு வந்தால் யார் எப்படி வாக்களித்தார் என்று பாராளுமன்றப் பதிவேடான ஹன்சார்ட்டில் பார்த்து இங்கே போடுகிறேன். வாசியுங்கள், தயவுசெய்து.

சிவநாதன், 9.55
போடு. வாசிக்கிறேன்.

ரதி, 10.20
செயலாளரோடு கதைத்துவிட்டேன். அவரும் பாவம், யாரோ ஒருவர் கீழே காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனதாம், அதிகாரியின் பெயர் அவருக்கே தெரியாது. 9 வீட்டுக்காரர் ஏற்கெனவே அடையாள அட்டையைப் போட்டுவிட்டார்கள், அவற்றை அழிக்கச் சொல்லிக் குழுவில் எழுதிவிட்டார். நாளைக் காலை பொலிஸுக்கு நேரில் போய் எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் கேட்கலாம் என்கிறார். தர்ஷினி, பத்து மணிக்கு நீயும் வருவாயா?

தர்ஷினி, 10.22
வருகிறேன் சித்தி. படிவத்தின் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், நிரப்பாமல்.

குமார், 10.31
என் 2007 பதிவுத் துண்டு அலுமாரியில் பச்சைக் கோப்பில் இருக்கிறது, இப்போதுதான் எடுத்தேன். முத்திரை மங்கிவிட்டது, இலக்கம் வாசிக்கலாம். அதையும் கொண்டு வருகிறேன், நானும் வருகிறேன்.