சீன வாங்குநருக்கு அன்பளிப்பு: எதுவரை சரி?

கேள்வி (ஆம்பூர்): குவாங்சோவிலிருந்து அரசு நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரிகள் நாலு பேர் எங்கள் தோல் தொழிற்சாலைக்கு வருகிறார்கள். சிவப்பு உறையில் பணம் கொடுப்பது அங்கே வழக்கம் என்கிறார்களே, கொடுக்கலாமா?

பதில் (ராணிப்பேட்டை): பணம் வேண்டவே வேண்டாம் சார். சிவப்பு உறை புத்தாண்டுக்கும் கல்யாணத்துக்கும் சொந்தபந்தங்களுக்குள் கொடுப்பது. அரசு நிறுவன அதிகாரியும் அங்கே சட்டப்படி அரசு ஊழியர்தான். சீன உச்ச நீதிமன்றம் 2016-ல் தந்த சட்ட விளக்கப்படி 30,000 யுவான் (சீனப் பணம்) வாங்கினாலே குற்ற வழக்கு. சூழ்நிலை மோசமென்றால் 10,000 போதும். பரிசு அட்டையும் பணக் கணக்குதான். 2012 டிசம்பரில் அதிகாரிகளின் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்தும் எட்டு அம்ச விதிகள் வந்தபிறகு, பொதுப் பணத்தில் நிலாக் கேக் (அங்கே இலையுதிர்காலப் பண்டிகை இனிப்பு) வாங்கிக் கொடுப்பதற்கே 2013-ல் தடை வந்தது.

பதில் (வேலூர்): உங்கள் முத்திரை போட்ட, விசிட்டிங் கார்டு வைக்கும் சின்னத் தோல் பை, எல்லோருக்கும் ஒரே மாதிரி, எல்லோர் முன்னிலையிலும், இரண்டு கையாலும் கொடுங்கள். ஒருவரை மட்டும் தனியே அழைத்தால் சந்தேகம் வரும். கடிகாரம் கூடாது, வெள்ளை உறையும் கூடாது. இரண்டு முறை மறுப்பது அவர்கள் பணிவு. ஆனால் நிறுவன விதி என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். ஆற்காடு மக்கன் பேடாவை மேசையில் வைத்துச் சேர்ந்து சாப்பிடுவது இன்னும் நல்லது.

கேள்வி (ஆம்பூர்): தள்ளுபடி கேட்டால்?

பதில் (ராணிப்பேட்டை): விலைப்பட்டியலில் வெளிப்படையாகக் காட்டி, இரு தரப்பும் கணக்கில் எழுத வேண்டும். தனிநபர் கணக்குக்கு அனுப்பினால் அது லஞ்சம்.