எல்கேஜி வகுப்பறையை எப்படி அடுக்குவது? பிள்ளைகள் ரவுண்டு கட்டி ஓடுகிறார்கள்

பொள்ளாச்சிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இந்த ஜூனில் ப்ளே ஸ்கூல் ஆரம்பித்தேன். வீட்டின் முன்ஹால்தான் வகுப்பு, 12க்கு 18 அடி. 18 பிள்ளைகள், மூன்று வயதிலிருந்து நாலரை வரை. நானும் ஒரு ஆயாம்மாவும். ஆரம்பிக்கும்போதே ஆர்ட்டிஸ்ட் வைத்து நாலு சுவரிலும் யானை, ரயில், அ ஆ, ஏ பி சி, பழம், காய்கறி என்று ஓர் இடம் விடாமல் வரைந்தாயிற்று, அதற்கே 22,000 ரூபாய். பொம்மை எல்லாவற்றையும் இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப்பில் போட்டு மூலையில் வைத்திருக்கிறேன். நாற்காலிகள் சுவர் ஓரமாக. நடுவில் பாய் விரித்துக் காலியாக விட்டிருக்கிறேன், பிள்ளைகள் தாராளமாக உட்காரட்டும் என்று.

உட்கார்ந்தால்தானே! பத்து மணிக்குள் ஒருவன் ஓட ஆரம்பிப்பான், பின்னாலேயே பத்துப் பேர், தேர் சுற்றுகிற மாதிரி பாயைச் சுற்றி. டப்பைக் கவிழ்த்து இரண்டு நிமிஷம் கிளறுவார்கள், அதோடு சரி, பொறுக்கி வைப்பது நானும் ஆயாம்மாவும். கதை சொன்னால் பாதிப் பேர் எனக்குப் பின்னால் இருக்கும் யானையைப் பார்க்கிறார்கள். கையில் இன்னும் 15,000 இருக்கிறது. ஒரு கம்பெனிக்காரர் மாண்டிசோரி செட் (பிள்ளைகள் தாங்களே எடுத்துப் பழகும் சாதனங்கள்) மொத்தமாக 1.8 லட்சம், தவணையில் கட்டலாம் என்கிறார். வாங்கலாமா? இல்லை, எனக்குத்தான் பிள்ளைகளை அதட்டத் தெரியவில்லையா?

பழைய டீச்சர்:

கண்ணு, செட்டும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். நடுவில் காலி இடம் விட்டு ஓரத்தில் நாற்காலி போட்டால் அது மைதானம். கல்யாண மண்டபத்தில் நாற்காலிகளை ஒதுக்கினதும் குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்ததில்லையா? உங்கள் ஹாலும் அதையேதான் சொல்லிக்கொடுக்கிறது.

நாளைக்குப் பிள்ளைகள் போன பிறகு வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்து ஹாலைப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து மூன்றடிக்கும் கீழேதான் இருக்கும். அங்கிருந்து என்ன தெரிகிறது? டப்பின் பக்கவாட்டு தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. தெரியாததைக் கவிழ்த்துத்தானே பார்க்க வேண்டும், அதில் தப்பே இல்லை.

இரண்டு தாழ்வான ரேக்குகளைச் சுவரோடு ஒட்டாமல், சுவரிலிருந்து ஹாலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி குறுக்கே போடுங்கள். ஹால் மூன்று நான்காகப் பிரிந்துவிடும், ஓட நீளம் கிடைக்காது, ஆனால் நீங்கள் நின்றால் எல்லாத் தலையும் தெரிய வேண்டும், அது முக்கியம். கட்டை அடுக்குவதை யாரும் நடந்து போகாத மூலையில் வையுங்கள், கட்டினதைப் போகிறவன் உதைத்தால் அன்றைக்குப் பூரா சண்டைதான். சொப்புச் சாமானும் பொம்மையும் கட்டைக்குப் பக்கத்தில் இருக்கலாம், இரண்டும் சத்தம் போடும் ஆட்டம். கதை மூலை இவை இரண்டுக்கும் எதிர்க்கோடி, ஜன்னல் பக்கம். தண்ணீர், வண்ணம், களிமண் எல்லாம் பாத்ரூம் போகிற வழியில், பாய் இல்லாத தரையில்.

டப் இரண்டையும் பரணில் ஏற்றுங்கள். ரேக்கில் பத்துப் பன்னிரண்டு பொருள், ஒவ்வொன்றும் தனித்தட்டில், தட்டு வைக்கும் இடத்தில் அந்தப் பொருளின் படம் ஒட்டியிருக்க வேண்டும். எழுத்து படிக்காத பிள்ளைக்கும் எது எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாலைந்தைப் பரணிலிருந்து மாற்றுங்கள், பழைய பொம்மையே புதுசாகிவிடும்.

2007-ல் தமிழ்நாடு முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தபோது நான் ஒன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திட்டத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் வகுப்பறைக்குள் அது கொண்டுவந்த மூன்று விஷயங்களை இன்றைக்கும் மறக்க மாட்டேன்: ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு இருக்கிற மாதிரி பிள்ளை உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், வருகையையும் வெயிலா மழையா என்பதையும் பிள்ளைகளே குறித்துவைக்கும் அட்டை. உங்கள் சுவரில் கீழே இரண்டடிக்குக் கரும்பலகைப் பெயின்ட் அடித்தால் போதும், செலவு அதிகம் ஆகாது.

இன்னொன்று. மத்திய அரசின் 2013 முன்பருவக் கல்விக் கொள்கை 30 பிள்ளைக்கு 35 சதுர மீட்டர் அறை கேட்கிறது, தலைக்குப் பன்னிரண்டரை சதுர அடி. உங்கள் கணக்கு 12 தான் வருகிறது. யார் சிபாரிசோடு வந்தாலும் இனி ஒரு அட்மிஷன்கூடப் போடாதீர்கள்.

மஞ்சள்பை:

டீச்சர் அம்மா சொன்னது எல்லாம் சரி, சுவர் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன், ஆறு வருஷமாக ப்ளே ஸ்கூல் நடத்துகிறேன். 2014-ல் அமெரிக்காவில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் நிறைந்த அறையில் சில பாடம், வெறும் சுவர் அறையில் சில பாடம். பிறகு கேள்வி கேட்டால் வெறும் சுவரில் 55 சதவீதம் சரி, படம் நிறைந்ததில் 42. இருபத்துச் சொச்சம் பிள்ளைகள்தான், அவர்களும் ஐந்து வயதுக்காரர்கள், அதனால் வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் யானை கதைக்கு நடுவே வந்து நிற்பது இதேதான்.

பிரச்சினை என்னவென்றால் பெற்றோர். அட்மிஷன் கேட்டு வருகிறவர் வெள்ளைச் சுவரைப் பார்த்தால் என்ன இன்னும் வேலையே முடியவில்லையா என்று கேட்பார், என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நான் செய்தது: யானை, ரயில் எல்லாம் கேட், காம்பவுண்டு, வராண்டாவோடு சரி. உள்ளே கதை சொல்லும் பக்கத்துச் சுவர் முழுக்க வெளிர் சந்தன நிறம், மற்ற சுவரில் பிள்ளைகள் வரைந்தது மட்டும், அதுவும் மாதம் ஒரு தரம் கழற்றி வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன்.

அந்த 1.8 லட்சத்தைப் பற்றி. இந்த முறையை உருவாக்கின மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார், நம் ஊருக்கு அவர் புதுசு இல்லை. ஆனால் இன்றைக்குத் தெருவுக்குத் தெரு போர்டில் இருக்கும் மாண்டிசோரிக்கும் அவருக்கும் எழுத்து மட்டும்தான் ஒற்றுமை. பத்துக் கனசதுரங்கள் வைத்த இளஞ்சிவப்புக் கோபுரத்தை எப்படி எடுத்துக் காட்டுவது என்று பயிற்சி இல்லாமல் வாங்கினால் அது விலை கூடிய கட்டை. அவர் முறையில் ஒவ்வொரு சாதனமும் ஒன்றே ஒன்றுதான், ஒருவன் முடிக்கும்வரை மற்றவன் காத்திருக்க வேண்டும். பழகிய வகுப்பில் அது நடக்கும். உங்களிடம் இப்போதைக்கு நடக்காது, அதனால் கார், பொம்மை மாதிரி எல்லோரும் கேட்பதில் மூன்று மூன்றாக வையுங்கள். பகிர்ந்துக்கோ என்று மூன்று வயதிடம் சொல்லி எனக்குத் தொண்டை போனதுதான் மிச்சம்.

பொள்ளாச்சிக்காரி:

22,000 ரூபாய் சுவரை அழிக்கச் சொல்கிறீர்கள், வீட்டுக்காரரிடம் யார் சொல்வது? சரி, பார்க்கிறேன். ரேக் வாங்குவதா, செய்வதா? அப்புறம் ஹாலில் இடம் குறைகிறதே, முன்வாசலில் கீற்றுக் கொட்டகை போட்டு மணல் விளையாட்டை அங்கே வைக்கலாம் என்று நினைக்கிறேன், வெயிலுக்குக் குளுமையாக இருக்கும்.

ரம்பம்:

மரவேலைதான் என் தொழில். ரேக் இரண்டடி, அதிகம் போனால் இரண்டரை அடி உயரம், ஓரடி ஆழம், மூன்று நாலடி நீளம். 18 எம்எம் பிளைவுட்டில் செய்யச் சொல்லுங்கள், முனை எல்லாம் உருட்டி இழைக்க வேண்டும். ஹாலுக்கு நடுவே குறுக்கே நிற்கிற ரேக் என்றால் பிள்ளை ஏறிச் சாய்க்கும், சாய்க்காமல் விடாது, அதனால் ஒரு முனையைக் கட்டாயம் எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு முடுக்குங்கள். முதுகுப் பலகை வையுங்கள், அதிலேயே கரும்பலகைப் பெயின்ட் அடித்தால் இரண்டு வேலை ஆச்சு. பெயின்ட் கடையில் பழைய ஸ்டாக் டப்பாவைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். 2017 நவம்பரிலிருந்து வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்று சட்டம், டப்பாவில் போட்டிருக்கும், படித்துப் பாருங்கள். பிள்ளைகள் ரேக் விளிம்பைக் கடிக்கும்.

நாற்காலி, உட்காரும் பலகை பத்து அங்குலம், நாலு வயதுக்குப் பன்னிரண்டு. கால் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், தொங்கினால் நெளிந்துகொண்டேதான் இருப்பார்கள். மேஜை 18லிருந்து 20 அங்குலம். கையில் காசு இல்லையென்றால் பழைய ஷூ ரேக்கை அறுத்துக்கூடச் செய்யலாம், கேவலம் ஒன்றும் இல்லை.

வார்டு அக்கா:

கீற்றுக் கொட்டகையா? தங்கச்சி, தயவுசெய்து வேண்டாம். 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ விபத்து, 94 பிள்ளைகள் போனார்கள். கூரை கீற்றுதான். நிழல் வேண்டுமென்றால் நிழல் வலை கட்டுங்கள், ஒரு வேப்பங்கன்று நடுங்கள். ஹாலுக்கு இரண்டு வழி இருக்கிறதா என்றும் பாருங்கள், பின்கதவை அடைத்து பொம்மை அடுக்கியிருந்தால் இன்றைக்கே எடுங்கள்.

நான் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள். எண்ணிப் பழக என்று புளியங்கொட்டை, சோழி, மணி எல்லாம் தட்டில் வைப்பார்கள். மூக்கிலிருந்து எத்தனை புளியங்கொட்டை எடுத்திருப்போம் என்று கணக்கே கிடையாது, ஊறி உப்பிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. இந்த வயதுக்குக் கொட்டாங்குச்சி, பெரிய மூடி, மரக்கரண்டி போதும். அழகாக இருக்கிறது என்று குன்றிமணி மட்டும் கனவிலும் வைக்காதீர்கள், மென்று விழுங்கினால் விஷம், உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். பாட்டுப் பாடும் பொம்மைகளில் இருக்கும் பட்டன் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள்.

பொள்ளாச்சிக்காரி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கொட்டகை யோசனையை விட்டாச்சு. இரண்டு ரேக், ஆசாரியிடம் சொல்லி 9,000-க்கு முடிந்தது. கதைப் பக்கத்துச் சுவரைச் சந்தன நிறத்தில் அடித்துவிட்டேன், வீட்டுக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பின்கதவுக்கு முன்னால் பழைய கட்டில் கிடந்தது, அதையும் எடுத்தாச்சு.

ஓட்டம் முழுசாக நிற்கவில்லை, அதனால் காலையில் வந்ததுமே முதல் இருபது நிமிஷம் பின்கட்டில் விட்டுவிடுகிறேன், ஓடிக் களைத்து வருகிறார்கள். எதையும் எடுத்து வைக்காத ஒருத்தி, படத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டை அதன் இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்துத் தட்டு கோணலாக இருக்கிறது என்று அதையும் நேராக்குகிறாள், ஆயாம்மா வாயடைத்துப் போனார்.

புதுப் பிரச்சினை, பதினெட்டுப் பேருக்கும் சொப்பு மூலையே வேண்டும். துணி காயப்போடும் கிளிப் நாலு அங்கே மாட்டி, கிளிப் கிடைத்தவர் சட்டையில் குத்திக்கொண்டு உள்ளே வரலாம், கிடைக்காதவர் வேறு மூலை என்று வைத்தேன். திங்கட்கிழமை நன்றாகத்தான் நடந்தது. செவ்வாய்க்கிழமை காலை பார்த்தால் ஒரு கிளிப்கூட இல்லை. ஒருவன் முந்தின நாளே நாலையும் பையில் போட்டுக்கொண்டு போய், அன்றைக்கு வீட்டிலிருந்தே சட்டையில் குத்திக்கொண்டு வந்து நிற்கிறான். இதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.