கம்ப்யூட்டர் கோடு எழுதி படத்துக்குக் கோடு போட்டவங்க யாராவது இருக்கீங்களா? பிசிக்ஸ் படத்துல மாட்டிக்கிட்ட கதை சொல்லுங்க

சாய்தளம்30

டிக்ஸ்ல (லேடெக் அச்சு மென்பொருளுக்குள்ள கோடு எழுதியே படம் வரையற கருவி) சாய்தளம் வரையாதவங்க இங்க இருக்க மாட்டீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வரேன். பிளஸ் ஒன் அரையாண்டு கேள்வித்தாள். 30 டிகிரி சரிவு, மேல ஒரு கட்டை, முடுக்கம் கண்டுபிடி. ஸ்கோப்புக்கு, அதாவது ஒண்ணா கட்டி வச்ச படத்துண்டுக்கு, ரொட்டேட் 30 குடுத்துட்டா உள்ள எல்லாத்தையும் படுத்தவாக்குல வரைஞ்சுக்கலாம், மொத்தமா சாஞ்சுக்கும், அதானே வசதி. அந்த வசதியில எடையைக் காட்டற எம்ஜி அம்பையும் உள்ளயே எழுதிட்டேன். அதுவும் கூட சேர்ந்து 30 டிகிரி திரும்பிடுச்சு. நேரா கீழ போக வேண்டிய அம்பு தளத்துக்கு செங்குத்தா குத்திக்கிட்டு நிக்குது. ராத்திரி 1 மணிக்கு பிடிஎஃப்ப பார்த்தேன், அழகா இருந்துச்சு, அனுப்பிட்டேன்.

அந்தப் படத்துப்படி கட்டை சறுக்கவே சறுக்காது, தளத்தோட வாக்குல இழுக்க ஒண்ணுமே இல்ல. எக்ஸாம் ஹால்ல ஒருத்தன் பேப்பரை சாச்சுப் பிடிச்சுக்கிட்டு "சார், இதுல பூமி எந்தப் பக்கம் சார் இருக்கு"ன்னான். நக்கல் பண்றான்னு நெனச்சு உக்கார்றான்னுட்டேன்.

அதுகூடப் பரவால்ல. திருத்தும்போது ஒரு பொண்ணு பேப்பர். முதல்ல பென்சில்ல எம்ஜிய நேர் கீழ சரியா போட்டிருக்கா, அப்புறம் ரப்பர் வச்சு அழிச்சுட்டு என் படத்துல இருக்கற மாதிரியே சாச்சுப் போட்டிருக்கா. அழிச்ச தடம் நல்லா தெரியுது. மார்க் எல்லாருக்கும் குடுத்தாச்சு. 3 வருஷம் ஆச்சு, இன்னும் ரொட்டேட்னு டைப் பண்ணும்போதெல்லாம் அந்தத் தடம்தான் ஞாபகம் வருது.

புலக்கோடு

எனக்கு எம்எஸ்சி வைவால. ஒரு ப்ளஸ் ஒரு மைனஸ் மின்னூட்டம், கூலும் விதியைப் போட்டு, பைத்தான்ல கிராஃப் போடற மேட்பிளாட்லிப் இருக்கே, அதுல புலக்கோடு வரையற ஸ்ட்ரீம்ப்ளாட்ல விட்டேன், கலரெல்லாம் குடுத்து போஸ்டர் மாதிரி இருந்துச்சு. எக்ஸ்டர்னலா வந்த மேடம் மூணு ஸ்லைடு வரைக்கும் வாயே தொறக்கல. அப்புறம் எழுந்து வந்து ஸ்கிரீன்ல ஒரு இடத்துல வெரல வச்சு, "இங்க என்ன மின்னூட்டம் வச்சிருக்கீங்க?" ஒண்ணும் இல்ல மேடம். "அப்ப கோடு ஏன் இங்க முடியுது?"

பார்த்தா நெறைய கோடு அந்தரத்துல நிக்குது! ஆறு மாசமா அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு இருந்தவன், அன்னைக்குத்தான் பார்க்கறேன். ஸ்ட்ரீம்ப்ளாட் என்ன பண்ணும்னா ரெண்டு கோடு ரொம்ப நெருங்குச்சுன்னா ஒண்ண நடுவுலயே வெட்டிடும், கண்ணுக்கு நெரிசலா தெரியக்கூடாதுன்னு. மின்னூட்டம் இல்லாத இடத்துல கோடு முடியக்கூடாதுங்கற காஸ் விதியெல்லாம் அதுக்கு எங்க தெரியும். அதே காரணத்தால கோடு எங்க நெருக்கமா இருக்கோ அங்க புலம் ஜாஸ்தின்னும் அந்தப் படத்துல சொல்ல முடியாது, எல்லா இடத்துலயும் ஏறக்குறைய ஒரே இடைவெளிதான். கோட்டை வெட்டாம விட புரோக்கன் ஸ்ட்ரீம்லைன்ஸ் ஃபால்ஸ்னு ஒரு ஆப்ஷன் 3.6 வெர்ஷன்ல வந்துச்சு, அது 2022. என் வைவா 2019. இப்பல்லாம் மின்னூட்டத்தைச் சுத்தி 16 புள்ளி வச்சு ஒவ்வொண்ணுல இருந்தும் நானே கோட்டை நகர்த்திக்கிட்டுப் போறேன், மைனஸ்ல போய் விழற வரைக்கும், இல்ல படத்த விட்டு வெளிய போற வரைக்கும்.

சாக்பீஸ்

ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான். கையால வரைங்க. 26 வருஷமா போர்டுல வரையறேன், என் கை ஒரு நாளும் எம்ஜிய சாச்சுப் போட்டதில்ல, ஏன்னா போடும்போதே மனசு "பூமி கீழ"ன்னு சொல்லும். நீங்க எண்ணை எழுதி விட்டுட்டு படம் எப்படி வருதுன்னு வேடிக்கை பார்க்கறீங்க. என் பையன் ஒரு நாள் பிரவுசர்ல பந்து தூக்கிப் போடற புரோகிராம் எழுதிட்டு வந்து காட்டினான், பந்து மேல போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு, வேகமா வேற. கேட்டா "அப்பா, கேன்வாஸ்ல ஒய் கீழ்நோக்கித்தான் ஏறும், மறந்துட்டேன்"ங்கறான். தலைகீழா இருக்கற அச்சுல எதுக்குப்பா நியூட்டன்?

அரைக்கோணம்

சாக்பீஸ் சார், மரியாதையோடவே சொல்றேன், கையால வரைஞ்ச நோட்ஸ்ல குவிலென்ஸ் படம் எத்தனை பார்த்திருப்போம், மூணு கதிரும் ஒரே புள்ளில சேராம பக்கத்துல பக்கத்துல போய் முடியும், வாத்தியார் அந்த இடத்துல கொஞ்சம் கட்டியா ஒரு அம்பு வரைஞ்சு மறைச்சுடுவார். கம்ப்யூட்டர் கோடுன்னா வெட்டுப்புள்ளிய அதுவே கண்டுபிடிச்சுக் குடுக்கும். தப்பு ரெண்டுலயும் உண்டு, தினுசு வேற.

என் தினுசு இது. டிக்ஸ்ல சைன்னா டிகிரி, பைத்தான்ல சைன்னா ரேடியன். தெரியும், எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் டிக்ஸ்ல இருந்து ஒளிவிலகல் படத்தைப் பைத்தானுக்கு மாத்தும்போது 30ஐ அப்படியே போட்டுட்டேன். 30 ரேடியனுக்கு சைன் மைனஸ் 0.988, அதை 1.5ஆல வகுத்து ஆர்க்சைன் எடுத்தா கிட்டத்தட்ட மைனஸ் 41 டிகிரி. வரவேண்டியது 19.5. படுகதிர் மட்டும் நானா ஆயத்தொலைவு குடுத்து வரைஞ்சதால சரியா வந்துச்சு, கண்ணாடிக்குள்ள போன கதிர் செங்கோட்டைத் தாண்டாம வந்த பக்கமே மடங்கிடுச்சு. வீடியோவா போட்டேன், 2 நாள் கழிச்சு ஒரு கமென்ட்: "கதிர் எதையோ மறந்து வச்சுட்டு வந்திருக்கும் போல, எடுக்கத் திரும்பிப் போகுது."

இதுல கூத்து என்னன்னா அப்படி மடங்கறது இயற்பியல்ல நிஜமாவே இருக்கு, எதிர்மறை ஒளிவிலகல் எண்ணு, ரஷ்ய இயற்பியலாளர் வெசலாகோ 1960கள்லயே எழுதிட்டார், 2001ல மைக்ரோவேவ் வச்சு சோதனைல காட்டியும் ஆச்சு. ஆனா அதுக்கு செப்பு வளையமும் கம்பியும் அடுக்கி தனியா ஒரு பொருள் செய்யணும். நான் வரைஞ்சது ஜன்னல் கண்ணாடி.

மின்தடை_ஓம்

நான் சர்க்யூடிக்ஸ் ஆளு, டிக்ஸ வச்சு சர்க்யூட் வரையற பேக்கேஜ். ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் பழைய ஃபைலை கம்பைல் பண்ணா பேட்டரியோட வோல்டேஜ் அம்பு திரும்பி நிக்குது, லாக்ல வார்னிங் வந்திருக்கு, யார் படிச்சா. கதை அவ்வளவுதான்.

ஆனா சாய்தளம் சார், நீங்க பண்ண வேண்டியது என்னன்னா, ஸ்கோப்புக்குள்ள கட்டையோட நடுவுக்கு ஒரு கோஆர்டினேட் பேரு மட்டும் வச்சுட்டு ஸ்கோப்பை மூடிட்டு வெளிய வந்து அங்கிருந்து எம்ஜிய நேர் கீழ இழுக்கணும், கோணத்தை 30னு அங்கங்க எழுதாம ஒரே எடத்துல ஒரு பேரு குடுத்து மேக்ரோவா வச்சுக்கணும், அப்புறம் அதை 10, 50னு மாத்தி மாத்தி கம்பைல் பண்ணிப் பாருங்க, தப்பா இருக்கற அம்பு கூடவே ஆடும், கண்ணு உடனே பிடிச்சுரும், 30ல மட்டும் பார்த்தா தெரியாது. கோட்டு தடிமன் டிக்ஸ்ல சும்மா விட்டா 0.4 பாயின்ட், ஜெராக்ஸ் கடைல ரெண்டாவது காப்பிலயே உராய்வு அம்பு காணாமப் போயிரும், திக் போடுங்க. மேட்பிளாட்லிப்காரங்க செட் ஆஸ்பெக்ட் ஈக்வல் போடுங்க, ரெண்டு அச்சும் ஒரே அளவுல வரும், இல்லன்னா 45 டிகிரில எறிஞ்ச பந்து 30ல போற மாதிரி தெரியும், வட்டம் முட்டையாயிரும். சர்க்யூட் போடறவங்க வோல்டேஜ் திசை ஆப்ஷனை, ஆர்பி வோல்டேஜஸோ ஓல்டு வோல்டேஜ் டைரக்ஷனோ, ஏதாவது ஒண்ணை பேக்கேஜ் லைன்லயே எழுதிருங்க, அப்பதான் அடுத்த அப்டேட் காலை வாராது. ஃபைன்மேன் படம் (துகள்கள் ஒண்ணோட ஒண்ணு வினைபுரியறதைக் காட்டற கோட்டுப்படம்) வரையறவங்க டிக்ஸ்-ஃபைன்மேன் பேக்கேஜ்னா லுவாலேடெக்ங்கற எஞ்சின்ல ஓட்டுங்க, வழக்கமான பிடிஎஃப்லேடெக்ல முனைகளை அதுவா இடம் பார்த்து வைக்காது, எல்லாத்தையும் நீங்களேதான் வைக்கணும், ஒரு ஃப்ரெண்ட் இது தெரியாம ரெண்டு நாள் முழிச்சான்.

சாய்தளம்30

அண்ணே, ஃபிக்ஸ் அன்னைக்கு ராத்திரியே போட்டாச்சு. நான் கேட்டது அது இல்ல. (10, 50 மாத்திப் பார்க்கற யோசனை நல்லா இருக்கு, எடுத்துக்கறேன்.)

வேகம்_திசைவேகம்

அந்த அழிச்ச தடத்தைப் படிச்சதுல இருந்து என் கதை ஒண்ணு உறுத்துது. ஊர்ப் பள்ளிக்கூடத்துல 9ஆம் வகுப்புக்கு ஒர்க்‌ஷீட் செஞ்சு குடுத்தேன். தொலைவு, வேகம், நேரம், எல்லா கிராஃபும் மேட்பிளாட்லிப், அச்சுல தமிழ் எழுத்து. தமிழ் ஃபான்ட் குடுத்தா போதும்னு நெனச்சேன். போதாது, நான் வச்சிருந்த வெர்ஷன்ல எழுத்துக் கோர்வை கிடையாது, டைப் பண்ண வரிசைலயே ஒண்ணொண்ணா வச்சுட்டுப் போகும். "வேகம்"ல வ முன்னாடி வந்துடுச்சு, இரட்டைக்கொம்பு அதுக்குப் பின்னாடி தனியா நிக்குது. "நேரம்"லயும் அதேதான். அப்புறம் எழுத்தைக் கோர்த்து வரையற எம்பிஎல்கெய்ரோங்கற பேக்கெண்டுக்கு மாறினேன், சரியாச்சு.

ஆனா அதுக்கு முன்னாடியே 40 காப்பி போயாச்சு. அடுத்த வாரம் போனா ஒரு பையன் கிராஃபை அளவு பிசகாம நோட்டுல வரைஞ்சிருக்கான், அச்சு, புள்ளி, சரிவு எல்லாம் சரி. பக்கத்துல வ எழுதி, அதுக்கப்புறம் அந்தக் கொம்பைப் பொறுமையா எழுதி, கம் போட்டிருக்கான். தம்பி இது என்னடான்னேன்.

"பிசிக்ஸ்ல இப்படித்தான் எழுதணும்னு நெனச்சேன் அக்கா."