திட்டம் போட்டால் பழக்கம் ஒட்டுமா?

கரிக்கோல்:
"இனி தினமும் நடப்பேன்" என்பது ஆசை. "பல் தேய்த்த கையோடு ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன்" என்பதுதான் திட்டம். எப்போது, எங்கே, எதற்கு அடுத்து என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் அந்த நேரத்தில் மனசோடு மல்லுக்கட்ட வேண்டாம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல வருடங்களாகச் சொல்லி வருவது இதைத்தான். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இப்படித் திட்டமிட்டவர்கள் நன்றாகவே முந்தியிருந்தார்கள்.

ஓட்டைப்பானை:
திட்டம் போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை ஐயா. நோட்டு, கலர் பேனா, கட்டம் போட்ட அட்டவணை எல்லாம் உண்டு. எழுதி முடித்ததும் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு திருப்தி வரும், அப்புறம் போர்வையை இழுத்துக்கொள்வேன். ஏமி டால்டன், ஸ்டீபன் ஸ்பில்லர் 2012-இல் வெளியிட்ட ஆய்வையும் பாருங்கள். ஒரே இலக்குக்குத் திட்டமிட்டால் பலன் இருந்தது. ஆறு இலக்குகளுக்கு விலாவாரியாகத் திட்டமிட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இத்தனையையும் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதும்போதே உறைத்துவிடுகிறதாம்.

கரிக்கோல்:
அது பேராசையின் குற்றம், திட்டத்தின் குற்றமில்லை. நீங்கள் எத்தனை எழுதினீர்கள்?

ஓட்டைப்பானை:
ஒன்பது.

நடுப்பக்கம்:
இடையில் நுழைகிறேன். 21 நாள் விடாமல் செய்தால் போதும் என்கிறார்களே? நான் 22-ஆம் நாளும் அலாரத்தைத் திட்டிக்கொண்டுதான் எழுந்தேன்.

கரிக்கோல்:
21 நாளை மறந்துவிடுங்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர, நடுத்தரமாக 66 நாள். ஒருவருக்கு 18 நாளே போதும், இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. ஒரு நாள் தவறினால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்பதையும் அதிலேயே பார்த்தார்கள். ஒரு நாள் விட்டதுமே "எல்லாம் போச்சு" என்று கைகழுவுகிறோமே, அதுதான் ஆளைக் கவிழ்க்கிறது.

ஓட்டைப்பானை:
சரி, ஒன்று மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றே வையுங்கள். எனக்கு வாராவாரம் ஷிப்ட் மாறும். இந்த வாரம் காலை ஆறு மணிக்கு எழுந்தால், அடுத்த வாரம் அதே ஆறு மணிக்குத்தான் படுக்கவே போவேன். "எப்போது" என்ற கட்டத்தில் எதை எழுதுவது? உங்கள் ஆய்வெல்லாம் ஒழுங்காக விடிகிற வீட்டுக்குத்தான்.

கரிக்கோல்:
நியாயமான கேள்வி, இதற்கு மறுப்பில்லை. மணியில் கட்டாதீர்கள், எந்த ஷிப்டிலும் தவறாத ஒரு செயலில் கட்டுங்கள். "குளித்துவிட்டு வந்ததும் பத்து நிமிடம்" என்பது போல.

ஓட்டைப்பானை:
இரவு ஷிப்ட் வாரத்தில் குளிப்பதே சந்தேகம் ஐயா. வேறு ஏதாவது சொல்லுங்கள்.

நடுப்பக்கம்:
பல்லாவது தேய்ப்பீர்கள் அல்லவா?