கேம் ஸ்ப்ராக்கெட் போல்ட் அசையவில்லை, பிளேட் வளைகிறது: ஃபியஸ்டா 1.6 டைமிங் பெல்ட் வேலையில் உதவி தேவை

பள்ளத்தூர் வளவு

வணக்கம். வேலை பாதியில் நிற்கிறது. மேற்கொண்டு கை வைக்கப் பயமாக இருக்கிறது.

வண்டி 2007ஆம் ஆண்டு ஃபோர்டு ஃபியஸ்டா, 1.6 லிட்டர் பெட்ரோல், இரட்டைக் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), 16 வால்வு. மறைமலை நகர் ஆலையில் செய்த வண்டி, அப்பச்சி வாங்கியது. 94,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ஆனால் கிராங்கையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கேம்களையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதாக அப்பச்சியின் கணக்கு நோட்டில் எங்கும் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் போட்டதைக்கூடத் தேதியோடு எழுதி வைத்தவர் அவர். நோட்டில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றுதான் பொருள். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ஆயில் சீல் எல்லாம் மதுரையிலிருந்து வரவழைத்து, வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் நானே இறங்கிவிட்டேன்.

பெல்ட் மூடியைக் கழற்றியதும் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் பக்கம்) கேமின் ஆயில் சீல் கசிந்து பெல்ட்டின் உள்ஓரம் நனைந்திருப்பது தெரிந்தது. புதுப் பெல்ட்டையும் அந்த எண்ணெயில் ஊறவிட மனம் வரவில்லை. சீலை மாற்ற வேண்டுமென்றால் கேம் முனையில் பெல்ட் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றியாக வேண்டும்.

இதுவரை செய்தது: பிளக்குகளையும் டேப்பெட் கவரையும் (வால்வுகளுக்கு மேலுள்ள மூடி) எடுத்தேன். முதல் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக்கில் டைமிங் பின் போட்டேன். இரண்டு கேம்களும் சரியான நிலையில் நிற்க, அவற்றின் பின்முனைப் பள்ளங்களில் 5 மி.மீ. பிளேட் செருகினேன். பழைய பெல்ட்டைக் கழற்றினேன். பிறகு எக்ஸாஸ்ட் போல்ட்டில் சாக்கெட் மாட்டி, குழாய் போட்டு நீட்டி இழுத்தேன். ஸ்ப்ராக்கெட்டை வேறு எதனாலும் பிடிக்கவில்லை, பிளேட்டே தாங்கும் என்று நினைத்தேன். ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வந்ததும் நிறுத்திவிட்டேன். பிளேட் நடுவில் லேசாக வளைந்திருக்கிறது. கேமின் பள்ளத்து விளிம்பில் நகம் பட்டது போல ஒரு பளபளப்பான தழும்பு. போல்ட் இம்மியும் அசையவில்லை.

கேம் கெட்டுவிட்டதா? போல்ட்டை எப்படிக் கழற்றுவது? ஸ்ப்ராக்கெட்டில் பெயின்ட் அடையாளம் வைத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது போதுமா? அடுத்த வெள்ளிக்கிழமை ஆத்தாளைக் கண் பரிசோதனைக்கு மதுரைக்கு அழைத்துப்போக வேண்டும். இந்த வண்டி ஒன்றுதான் இருக்கிறது.

கானாடுகாத்தான் சாலை

தம்பி, கவலைப்படாதீர்கள். மாருதி 800இல் நான் மூன்று முறை பெல்ட் மாற்றியிருக்கிறேன். பல்லுக்கு நேரே வெள்ளைப் பெயின்ட் வைத்து, கழற்றி, அதே இடத்தில் மாட்டினேன். ஒரு குறையும் இல்லை. போல்ட் வராவிட்டால் காற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் டயர் கடைக்காரரை அழைத்து ஒரு தட்டு தட்டச் சொல்லுங்கள்.

செக்காலை லேத்

பள்ளத்தூர்த் தம்பி, தயவுசெய்து காற்றுத் துப்பாக்கி வேண்டாம். பெயின்ட் அடையாளமும் இந்த வண்டிக்கு உதவாது. அண்ணன் சொன்னது அவர் வண்டிக்குச் சரி. அதில் கேமுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே பூட்டு இருக்கிறது, ஒரே நிலையில்தான் உட்காரும். உங்கள் எஞ்சினில் அந்தப் பூட்டே கிடையாது. போல்ட்டின் இறுக்கத்தில் ஏற்படும் உராய்வு மட்டும்தான் ஸ்ப்ராக்கெட்டைக் கேமோடு பிடித்து வைத்திருக்கிறது. போல்ட்டைத் தளர்த்திய நொடியில் ஸ்ப்ராக்கெட் கேமின் மேல் தாராளமாகச் சுழலும். பல்லில் வைத்த பெயின்ட், கேம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது அந்த 5 மி.மீ. பிளேட் மட்டும்தான்.

அதனால்தான் பிளேட்டை இவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அது அளவு பார்க்கும் கருவி. இழுவையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. டைமிங் பின்னும் அப்படித்தான், அது கிராங்க் வந்து சாயும் ஒரு முட்டு. இரண்டின் மேலும் பாரம் போடக் கூடாது.

முதலில் ஒன்று சொல்லுங்கள்: பள்ளத்தின் விளிம்பில் பிசிறு தூக்கியிருக்கிறதா? நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், தடுக்கிறதா?

பள்ளத்தூர் வளவு

மிக மெல்லியதாகத் தடுக்கிறது, அண்ணன். ஆழமில்லை.

செக்காலை லேத்

பிழைத்தீர்கள். எண்ணெய்க் கல்லால் அந்தப் பிசிறை மட்டும் நீவி எடுங்கள். அரம் வேண்டாம், பள்ளம் அகலமாகிவிட்டால் பிளேட் ஆடும், டைமிங் ஆடும். பொடி உள்ளே விழாதபடி துணி சுற்றிக்கொள்ளுங்கள். வளைந்த பிளேட்டைத் தட்டி நிமிர்த்தாதீர்கள், புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள்.

இனி போல்ட். 25 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனத்தில் இரண்டு பட்டை இரும்பு எடுங்கள், ஒன்று இரண்டடி நீளம், மற்றது முக்காலடி. இரண்டையும் ஒரு போல்ட்டால் கவட்டை போல இணையுங்கள். கவட்டையின் இரு முனைகளிலும் ஓட்டை போட்டு ஆளுக்கொரு போல்ட் மாட்டுங்கள். அந்த இரண்டு போல்ட் முனைகளும் ஸ்ப்ராக்கெட்டின் ஆரங்களுக்கு நடுவே போய் உட்கார வேண்டும். முனைகளில் சைக்கிள் டியூப் துண்டு சுற்றினால் ஸ்ப்ராக்கெட்டில் வடு விழாது. ஒரு கை கவட்டையைப் பிடிக்கும், மறுகை ஸ்பேனரை இழுக்கும். விசை அந்த இரண்டுக்கும் நடுவிலேயே முடிந்துவிடும்.

இழுப்பதற்கு முன் மறக்கக் கூடாத வேலை: டைமிங் பின்னை எடுத்துவிட்டு, கிராங்கைக் கால் சுற்று பின்னோக்கித் திருப்புங்கள். அப்போது நான்கு பிஸ்டன்களும் சிலிண்டரின் நடுவில் நிற்கும். போல்ட் திடீரென்று விடும்போது கேம் துள்ளினாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது. இந்த எஞ்சினில் இடித்தால் வால்வு வளையும், ஹெட்டை இறக்க வேண்டியதுதான். பிளேட்டையும் அந்த நேரத்தில் வெளியே எடுத்துவிடுங்கள்.

போல்ட் வழக்கமான மரைதான், இடப்பக்கம் திருப்பினால் கழலும். ஸ்ப்ராக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தால் மரச்சுத்தியலால் ஓரத்தில் மெல்லத் தட்டுங்கள். பின்னால் திருப்புளி விட்டு நெம்பாதீர்கள்.

காரைக்குடி பாலிடெக்னிக்

வகுப்பில் நான் பாடம் எடுக்கும் எஞ்சின் இது, ஆகவே சில வார்த்தைகள் சேர்க்கிறேன். பழைய சீலை எடுப்பதற்கு முன் அது எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று வெர்னியரில் அளந்து வையுங்கள். எடுக்கும்போது கேம் தண்டில் கீறல் விழுந்தால் புதுச் சீலும் கசியும். ஸ்ப்ராக்கெட் உட்காரும் முகத்தை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடையுங்கள். உராய்வில் நிற்கும் இணைப்பில் எண்ணெய் இருக்கக் கூடாது.

மாட்டும் வரிசைதான் முக்கியம். பிளேட்டைப் போட்டு, பின்னைப் போட்டு, கிராங்கை முன்னோக்கித் திருப்பிப் பின்னில் சாய வையுங்கள். கேம் போல்ட்டுகள் இரண்டும் விரல் இறுக்கத்தில் மட்டும் இருக்கட்டும், இன்டேக் (காற்று உள்ளே வரும்) பக்கத்தையும் தளர்த்தியாக வேண்டும். பெல்ட்டை மாட்டி, டென்ஷனரை வைத்து, தொய்வு முழுவதும் போன பிறகே கவட்டையால் பிடித்து 60 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். கிராங்க் புல்லி போல்ட் புதியதாகவே இருக்க வேண்டும்: 40 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் 90 பாகை. உங்கள் ஆண்டுக்கான பணிமனைக் கையேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: 2011இல் வந்த புது ஃபியஸ்டாவின் 1.5 பெட்ரோலில் கேம் முனையில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டைமிங் மாற்றி இருக்கிறது. இந்த முறையை அதில் அப்படியே செய்யாதீர்கள்.

கானாடுகாத்தான் சாலை

பூட்டு இல்லாத ஸ்ப்ராக்கெட்டை நான் பார்த்ததே இல்லை. நல்ல வேளை தடுத்தீர்கள். தம்பி, என் ஆலோசனையை விட்டுவிடுங்கள்.

பள்ளத்தூர் வளவு

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். வண்டி ஓடுகிறது.

செக்காலை அண்ணனின் பட்டறைக்கே போய்க் கவட்டையும் புதுப் பிளேட்டும் செய்துகொண்டேன். காசு வாங்க மறுத்துவிட்டார். போல்ட் ‘டக்’ என்று ஒரே சத்தத்தில் விட்டது. கேம் துள்ளியது, விரல் அகலம் இருக்கும். கிராங்கைப் பின்னோக்கித் திருப்பாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணியபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முதல் முறை மாட்டியபோது தவறு செய்தேன். டென்ஷனரை வைக்கும் முன்பே இன்டேக் போல்ட்டை இறுக்கிவிட்டேன். கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, பின்னைப் போட்டு, பிளேட்டைச் செருகினால் எக்ஸாஸ்ட் பள்ளத்தில் போகிறது, இன்டேக்கில் போகவில்லை. ஒரு முடி அளவு ஏறியிருந்தது. தட்டி ஏற்றிவிடலாம் என்று கை போனது. ஆனால் அது அளவு பார்க்கும் கருவி என்று அண்ணன் எழுதியது நினைவுக்கு வரவே, எல்லாவற்றையும் தளர்த்தி முதலிலிருந்து செய்தேன். இரண்டாம் முறை விரலால் தள்ளியதும் பிளேட் இரண்டு பள்ளத்திலும் போய் உட்கார்ந்தது.

கழற்றிய போல்ட்டுகளை ஆத்தாளின் பழைய இனாமல் தட்டில் வரிசையாக வைத்திருந்தேன். கடைசியில் தட்டில் மிஞ்சியது பழைய கிராங்க் போல்ட் ஒன்றுதான். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆத்தா கொட்டகை வாசலில் வந்து நின்று, “மதுரைக்குப் போகுமா?” என்று கேட்டாள். சாவியைத் திருப்பினேன், முதல் சுற்றிலேயே பிடித்தது.

அப்பச்சியின் நோட்டில் அடுத்த வரியாக எழுதிவிட்டேன்: டைமிங் பெல்ட், டென்ஷனர், எக்ஸாஸ்ட் கேம் சீல், 94,000 கி.மீ.

செக்காலை லேத்

மகிழ்ச்சி, தம்பி. மதுரை போய் வந்ததும் மேல் மூடியைத் திறந்து சீல் ஓரத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.